இன்ஸாஃபின் தண்ணீர் ஆராய்ச்சி

"வாசகர் அட்டை இருக்கறவங்களுக்கு மட்டும்தாம்மா பாத்ரூம்" என்று நூலகக் காவலாளி ஷஹாத்தா சொன்னபோது, இன்ஸாஃபின் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலடியில் ஒரு சின்னக் குளமாகத் தேங்கியிருந்தது. அந்தக் குளத்தைப் பார்க்காமலிருக்க அவள் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

வருடாவருடம் டிசம்பர் முதல் வாரத்தில் அலெக்ஸாண்ட்ரியாவை உலுக்கிவிட்டுப் போகும் காசிம் புயல் அன்று காலையிலேயே வந்துவிட்டது. தண்டவாளத்தில் வெள்ளம் ஏறி டிராம் பாதி வழியில் நின்றுபோனது. அடையாள அட்டை புதுப்பிக்கும் ஆபீஸில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, பொழுது போகாமல் இரண்டு கிளாஸ் டீ குடித்திருந்தாள் இன்ஸாஃப். இரண்டாவது கிளாஸ் எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு மழையில் நடந்தாள். வழியில் இரண்டு காப்பிக்கடைகள் இருந்தன. இரண்டிலும் ஆம்பிளைகள் கூட்டமாக ஹுக்கா பிடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்தார்கள். பள்ளிவாசலில் பெண்கள் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. மிச்சம் இருந்தது இந்த நூலகம்தான். எந்தக் காலத்திலோ ஒரு பஞ்சு வியாபாரி கட்டி ஊருக்கு எழுதிக் கொடுத்த கட்டடம். வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், கடல் காற்றில் மூக்கு கரைந்துபோய் நின்றன. முப்பது வருடமாக டிராமில் அதைத் தாண்டிப் போனவள்தான். உள்ளே போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"அட்டை எங்க குடுக்கறாங்க?" என்றாள்.

"மாடியில. லுத்ஃபி சார்கிட்ட."

பளிங்குப் படிகள் நாற்பத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு சோதனை.

லுத்ஃபி கம்பளி பனியன் போட்ட ஒல்லியான மனிதர். அந்த நூலகத்தின் தலைவர். படியேறி ஒரு ஆள் வருவதைக் கண்டதும், நோன்புப் பெருநாள் பிறையைப் பார்த்தவர்போல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரு படிவத்தையும் ஒரு அட்டையையும் எடுத்தார். பேனாவை உதறினார். பேர் எழுதினார், விலாசம் எழுதினார், எல்லாம் அழகான கையெழுத்தில், ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக வைத்து.

"ஆராய்ச்சித் தலைப்பு?"

அதை விட்டுவிடலாமே என்றாள் இன்ஸாஃப். சும்மா படிக்கத்தான் வந்தேன் என்றாள். சும்மா படிக்கும் கூடம் கீழ்த்தளத்தில் இருப்பதாகவும், மூன்று வருடத்துக்கு முன் அதன் கூரைக் காரை விழுந்துவிட்டதாகவும், இப்போது திறந்திருப்பது ஆராய்ச்சிக் கூடம் ஒன்றுதான் என்பதால் தலைப்பில்லாமல் அட்டை தர விதியில்லை என்றும் அவர் நிதானமாக விளக்கினார். ஜன்னலுக்கு வெளியே கூரைக் குழாயிலிருந்து மழைத் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"என்ன விஷயமா ஆராய்ச்சி பண்றீங்க?"

"தண்ணி" என்றாள் இன்ஸாஃப். அந்த நிமிடம் அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

"தண்ணியா?"

"தண்ணிதான். எழுதுங்க சீக்கிரம்."

"கடல் தண்ணியா, ஆத்துத் தண்ணியா, இல்ல நிலத்தடித் தண்ணியா?"

"நிலத்தடி" என்றாள். கடைசியாகக் காதில் விழுந்தது அதுதான்.

லுத்ஃபி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஊருக்கு அடியில் பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதையும், அதைப் பற்றி இந்த நூலகத்தில் ஒரு முழு அலமாரியே இருப்பதையும், அந்த அலமாரியை யாரும் திறந்து பார்த்தே பல வருடம் ஆகிவிட்டதையும் தழுதழுத்த குரலில் சொன்னார். இன்ஸாஃப் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். கல்வித் தகுதி என்ற கட்டத்தைப் பற்றி அவர் ஏதோ கேட்டார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் எழுதி முடித்ததும் மை காயாத அட்டையைப் பிடுங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினாள்.

பாத்ரூம் உயரமான கூரையும் நீல ஓடும் பித்தளைக் குழாயுமாக ஒரு அரண்மனை மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது உலகத்தின்மீது அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஓசைப்படாமல் படியிறங்கிவிடலாம் என்று திரும்பினாள். தாழ்வாரத்தில் லுத்ஃபி நாலு தடிப் புத்தகங்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு இது போதும். மீதியெல்லாம் தூசி தட்டி வெக்கறேன். நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் போட்டுக் கொடுத்தவள் இன்ஸாஃப். கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஆஸ்திரேலியா போய் அங்கேயே தங்கிவிட்டான். எட்டு மாதத்துக்கு முன் எக்ஸ்சேஞ்சுக்கு மெஷின் வந்தது, அவள் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் அவளிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க என்று கேட்ட ஒரே ஆள் பல் டாக்டர்தான். அந்தப் பல்லையும் பிடுங்கியாகிவிட்டது. சாயங்காலங்களில் அவள் போனில் மணி சொல்லும் எண்ணைச் சுழற்றி, பதிவு செய்த குரல் நேரம் சொல்வதைக் கேட்பாள். அந்தப் பெண் நிமிடங்களை விழுங்கிச் சொல்கிறாள் என்று அவளுக்கு ஒரு குறை. அதைச் சொல்லவும் ஆளில்லை.

"ஒன்பதுக்கு" என்றாள்.

வீட்டுக்குப் போய் அட்டையை விளக்கடியில் பார்த்தபோதுதான் கல்வித் தகுதிக் கட்டத்தில் லுத்ஃபி 'டாக்டர்' என்று எழுதியிருப்பது தெரிந்தது.

அதைத் திருத்தத்தான் மறுநாள் போனாள். தனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் இஸ்திரி போட்ட பச்சை உடுப்பை அதற்காக எடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

வாசலிலேயே ஷஹாத்தா எழுந்து நின்றான். "வாங்க டாக்டரம்மா" என்றான். கையோடு தன் முழங்காலைக் காட்டி, ஆறு மாதமாக மடக்க முடியவில்லை என்றான். தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை என்று அவள் சொன்னாள். எந்த மாதிரி டாக்டராக இருந்தாலும் கால் கால்தானே என்றான் அவன். தப்பித்தால் போதுமென்று, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவச் சொல்லிவிட்டுப் படியேறினாள். மூன்றாம் நாள் அவனுக்குக் கால் மடங்கியது. அதோடு கட்டடம் முழுக்க அவள் பேர் பரவிவிட்டது.

மாடியில் லுத்ஃபியிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சார், நான் டெலிபோன்ல வேலை பாத்தவ."

"தகவல் தொடர்பும் உங்க துறையா?" என்று அவர் இன்னும் மரியாதையானார்.

அவர் கொண்டுவந்து வைத்த புத்தகங்கள் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இருந்தன. இன்ஸாஃபுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது 'லைனிலேயே இருங்கள்', 'அந்த எண் பதில் சொல்லவில்லை' என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டுமே. தப்பிக்க, கண் சரியில்லை என்றாள். லுத்ஃபி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். புத்தகம் கனமாக இருக்கிறது, தூக்கி வைக்க முடியவில்லை என்றாள். சாய்த்து வைக்க மரச் சட்டம் வந்தது, கூடவே ஜன்னலோரம் தனி மேஜையும் வந்தது. கணப்புக்குப் பக்கத்தில் உள்ள மேஜை.

அவளை நிஜமாகவே மிரட்டியது கூடத்தில் இருந்த மற்ற வாசகர்கள்தான். ஏழு பேர். பச்சை விளக்குகளுக்கு அடியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வரிசையில் பஹ்கத் என்று ஒரு பருத்த மனிதர், தடிக் கண்ணாடி போட்டவர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போவார். அதன் கீழ் மூலையை விளக்கில் பிடித்து உற்றுப் பார்ப்பார். அப்புறம்தான் முதல் பக்கம். இதுதான் படித்தவர்கள் படிக்கும் முறை போலும் என்று நினைத்து இன்ஸாஃபும் அப்படியே செய்தாள். அவருக்குப் பக்கத்தில் தஹானி என்று ஒரு அம்மாள், பக்கம் பக்கமாகக் கோடு போட்டுக்கொண்டே இருப்பவள். மூலையில் ஒரு நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கைமுட்டியால் மேஜையை ஒரே கதியில் தட்டுவார். செய்யுளுக்குத் தாளம் பார்க்கிறார் என்று இன்ஸாஃப் முடிவு செய்தாள்.

அவள் தலையைத் தூக்கினால் போதும், ஏழு பேரும் சடாரென்று குனிந்து பக்கம் திருப்புவார்கள். தன்னைப் போன்ற ஒரு போலியை ஏறெடுத்துப் பார்க்கக்கூட அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் துணிந்து, உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று தஹானியிடம் கேட்டாள். தஹானி வெளுத்துப்போய், "அதே பழைய விஷயம்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பெரிய படிப்பாளிகளின் அடக்கம் இப்படித்தான் இருக்கும் என்று இன்ஸாஃப் நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கீழேயிருந்து ரொட்டிக்குள் வைத்த பருப்பு வடைப் பொட்டலங்கள் வந்தன. எட்டாவது பொட்டலம் அவளுக்கு. பஹ்கத் வெங்காய ஊறுகாயைப் பேசாமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எட்டு மாதத்தில் அவள் இன்னொருவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான். சீக்கிரம் தீர்ந்துவிடாமல் மெதுவாக மென்றாள். வடை காரம் என்று சமாளித்தாள்.

இரண்டு மணி அடித்ததும் ஏழு பேரும் ஒரே ஆளைப்போல எழுந்து போய்விடுவார்கள். போகும்போது ஒவ்வொருவராக அவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்துவார்கள். ஏழு தலையசைப்பு. அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவள் டிராம் ஏறுவாள்.

மொழிக் கஷ்டத்திலிருந்து தப்பிக்க ஒரு நாள், அரபியில் ஏதாவது இருக்கிறதா என்று லுத்ஃபியிடம் கேட்டாள். இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கேட்டாள். அவர் சட்டென்று மறைந்து, அரை மணி கழித்து, தலையெல்லாம் ஒட்டடையோடு ஒரு கையெழுத்துக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கு முன் நகராட்சி அனுப்பிய ஒரு எஞ்சினியர், ஊருக்கு அடியிலுள்ள தொட்டிகளைக் கணக்கெடுத்து எழுதியது.

வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது பக்கத்தில் அவளுடைய தெருவின் பேர் வந்தது. ரொட்டிக் கடைக்கு அடியில் மூன்றடுக்குத் தொட்டி, தூண்கள் நாற்பத்தெட்டு, இப்போதும் முழங்கால் அளவு தண்ணீர் என்று எழுதியிருந்தது. அவள் தினமும் ரொட்டி வாங்கும் இடம். காலுக்கு அடியில் ஒரு மண்டபமே நின்றிருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

அந்த எஞ்சினியர் தொட்டிகளின் அளவோடு வேறு சிலவற்றையும் எழுதியிருந்தார். கயிறு பிடிக்க வரும் ஆள் இன்றும் வரவில்லை. தனியாகத்தான் இறங்கினேன். கீழே போனதும் பயம் தெளிய என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அது மூன்று முறை திரும்பி வந்தது. நாலாவது முறைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

இன்ஸாஃப் அந்த வரியைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மறுபடி படித்தாள். அன்று இரண்டு மணி அடித்ததும், தலைகள் தாழ்ந்ததும் அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு லுத்ஃபி விளக்கை அணைக்க வந்தபோதுதான் நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு தலைப்புக்காகவும் கணப்புக்காகவும் இல்லை, குறிப்பேட்டுக்காகவே வந்தாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கித் தொட்டிகளைத் தெருவாரியாக எழுதினாள்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை லுத்ஃபி அவள் மேஜையருகே வந்து நின்றுகொண்டு கையைப் பிசைந்தார். வியாழக்கிழமை நூலகத்தைச் சோதிக்கக் கெய்ரோவிலிருந்து அரசாங்க ஆய்வாளர் வருகிறாராம். அறிக்கை சரியாக அமையாவிட்டால் நூலகத்தை மூடி, கட்டடத்தைக் கல்யாண மண்டபத்துக்கு விட்டுவிடுவார்களாம். வாசகர்கள் சார்பில் டாக்டரம்மா தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டுமாம்.

இத்தனை பெரிய படிப்பாளிகள் இருக்க நானா என்றாள் இன்ஸாஃப். அவர்கள் எல்லாம் கூச்ச சுபாவம் என்றார் லுத்ஃபி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று கரகரத்துச் சொல்லிவிட்டு, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள். வியாழன் வரை படுத்திருப்பதாகத் திட்டம். அன்று மாலையே கதவு தட்டப்பட்டது. கேஸ் கணக்குப் பார்ப்பவனைத் தவிர அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. ஷஹாத்தா, கொய்யா இலைக் கஷாயம் நிறைந்த பிளாஸ்கோடு, புது முழங்கால் கொண்டு நாலு மாடி ஏறி வந்திருந்தான். லுத்ஃபி சாரின் வீட்டம்மா போட்டது, சூடாகக் குடிக்கச் சொன்னார் என்றான். குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஐந்து முறை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"குடிச்சீங்களா?" என்றார் லுத்ஃபி.

"குடிச்சேன்" என்றாள். கரகரக்க மறந்துபோயிற்று.

"பாத்தீங்களா, அதுக்குள்ள குணம் தெரியுது. வியாழக்கிழமை பாப்போம்."

வியாழக்கிழமை அவள் ஒரு முடிவோடு போனாள். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது. அவமானப்பட்டாலும் பரவாயில்லை. அந்த ஏழு பேர் தலைதாழ்த்தும்போதெல்லாம் அவளுக்குத் திருடியதுபோல் இருந்தது.

ஆய்வாளர் நனைந்த பூட்ஸும் கோப்புமாக வந்தார். முகத்தில் தூக்கம். வருகைப் பதிவேட்டைப் புரட்டினார், தினம் எட்டுக் கையெழுத்து இருந்தது. பஹ்கத்திடம் என்ன படிக்கிறீர்கள் என்றார். பஹ்கத் எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, "வரலாறு" என்றார். எந்தக் காலத்து வரலாறு என்றதற்கு, "முந்தின காலத்து" என்றார். தஹானிக்கு இருமல் வந்துவிட்டது. நெட்டையர் அசையவே இல்லை. படிப்பாளிகள் மேலதிகாரிகளை மதிப்பதில்லை என்று இன்ஸாஃபுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்தாள். "ஐயா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள். அப்போது கதவோரம் நின்ற லுத்ஃபி கண்ணில் பட்டார். கம்பளி பனியனுக்கு மேல் பழைய கோட்டு மாட்டி, கழுத்துப் பட்டையைக் கோணலாகக் கட்டியிருந்தார். மூச்சு விடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம இப்ப நிக்கற இடத்துக்கு அடியிலயும் ஒரு தொட்டி இருக்கு" என்றாள் இன்ஸாஃப்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் பேச லைன் போட்டுக் கொடுத்தவள், முதல் தடவையாகத் தானே பேசினாள். தெருத் தெருவாகப் போனாள். எந்தக் கடைக்கு அடியில் எத்தனை தூண், எந்தப் பள்ளிவாசல் கிணறு எந்தத் தொட்டியில் போய்ச் சேருகிறது, கயிறு பிடிக்க ஆளில்லாமல் இறங்கிய எஞ்சினியர் இருட்டில் என்ன செய்தார் என்று எல்லாம் சொன்னாள். பத்து நிமிடம் அரை மணி ஆயிற்று. ஆய்வாளருக்குத் தூக்கம் போய்விட்டது. தன் பாட்டி வீடு இந்த ஊரில்தான், அத்தாரின் தெருவில், அதற்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இன்ஸாஃப் நோட்டைப் புரட்டி, இரண்டடுக்கு, பதினாறு தூண், வறண்டது என்றாள். அவர் அதைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அறிக்கைத் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூலகத்துக்கு இந்த வருடம் ஆபத்தில்லை என்றார். லுத்ஃபி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை வழியனுப்பக் கீழே போனார்.

கூடத்தில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். மணி இரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. வழக்கத்துக்கு மாறாக, ஏழு பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை இன்ஸாஃபால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "நான் டாக்டர் இல்ல. எக்ஸ்சேஞ்சுல லைன் போட்டவ. அன்னிக்கு மழையில பாத்ரூம் போகத்தான் இங்க வந்தேன், வாய்க்கு வந்த தலைப்பச் சொன்னேன். அப்புறம் உண்மையச் சொல்லிட்டு நின்னுரலாம்னுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன். வீட்ல பேச ஆளில்ல. நீங்க போறப்ப என்னைப் பாத்துத் தலையாட்டுவீங்க, அதுக்காகச் சொல்லாமலே இருந்துட்டேன். உங்கள மாதிரி நிஜமான வாசகர்களுக்கு நடுவுல உட்கார எனக்கு யோக்கியதை இல்ல."

நெட்டையர் தன் கைமுட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். தஹானி முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். பஹ்கத் கண்ணாடியைக் கழற்றி, எழுந்து, முதல் நாளிலிருந்து பார்த்துப் பழகிய அதே பணிவோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"நாங்க ஏழு பேரும் எதிர்த்த பத்திர ஆபீஸ் குமாஸ்தாங்க, டாக்டரம்மா, ஆய்வாளர் வந்துட்டுப் போற வரைக்கும் வாசகருங்க மாதிரி உட்காரச் சொல்லி லுத்ஃபி சார் கெஞ்சிக் கூட்டியாந்தாரு, நீங்க ஒருத்தர்தான் நிஜ வாசகர், கண்டுபிடிச்சுருவீங்களோன்னு பயந்துதான் இத்தன நாளா நாங்க பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருந்தோம்."